ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்: சியரா லியோன் குழந்தைகள் வார்டில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் மாவட்ட மருத்துவமனைகளில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. தராசு, சக்‌ஷன் மெஷின், பச்சிளங்குழந்தைகளுக்கான வார்மர், ரத்த வங்கி ஃப்ரிட்ஜ் என்று எது நின்றாலும் கூப்பிடுவார்கள். ஆனால் நள்ளிரவில் போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டர்தான். மற்ற கருவிகளுக்குக் காலை வரை நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

கொரோனா காலத்தில் இந்தக் கருவியின் பெயர் எல்லோருக்கும் பழகிவிட்டது. "ஆப்பிரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம், எது நல்லது?" என்று இப்போதும் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இங்கே வேலைக்கு வரப்போகிற டெக்னீஷியன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கருவியை மட்டும் வைத்துச் சொன்னால் தாராளமாக மார்க் போடுவேன். ஒரு ஏழை நாட்டின் குழந்தைகள் வார்டில், கொடுத்த காசுக்கு இவ்வளவு உயிர்களைக் காப்பாற்றும் வேறு மெஷின் எனக்குத் தெரியாது. ஆனால் இது தனியாக வந்து இறங்கினால் சில மாதங்களில் மூலைக்குப் போய்விடும். அது மூலைக்குப் போகாமல் இருக்க என்ன வேண்டும் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பிராண்ட் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்குள்ள வார்டுகளில் அமெரிக்க மெஷினும் ஓடுகிறது, சீன மெஷினும் ஓடுகிறது. உள்ளே எல்லாவற்றுக்கும் ஒரே தத்துவம். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். மெஷின் அறைக் காற்றை இழுத்து, அழுத்தி, ஜியோலைட் நிரப்பிய குழாய்க்குள் தள்ளும். ஜியோலைட் என்பது ஜவ்வரிசி மாதிரி இருக்கும் வெள்ளை மணிகள். அழுத்தம் ஏறும்போது அவை நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். அழுத்தம் இறங்கியதும் பிடித்ததை விட்டுவிடும். இரண்டு குழாய்கள் மாறி மாறி இந்த வேலையைச் செய்கின்றன. சில விநாடிக்கு ஒரு தரம் 'புஸ்' என்று கேட்பது, நைட்ரஜன் வெளியேறும் சத்தம். நல்ல நிலையில் உள்ள மெஷின் 90 முதல் 96 சதவீதம் வரை ஆக்சிஜன் தரும். 82க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

சிலிண்டரோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். 6800 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரை ஒரே ஒரு குழந்தைக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்துவிட்டால் இரண்டரை நாள்கூட வராது. தீர்ந்ததும் லாரியில் ஏற்றி, மழையில் சேறாகிப்போன சாலையில் அனுப்பி, நிரப்பிக் கொண்டுவர வேண்டும். கான்சன்ட்ரேட்டருக்கு அந்த அலைச்சல் இல்லை. கரண்ட் இருந்தால் போதும்.

போன மழைக்காலத்தில் ஒரு வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். பதினோரு மாதக் குழந்தை, நிமோனியா. மூக்கு மடல் விரிகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. பால் குடிக்கத் தெம்பில்லை. சிஸ்டர் கால் கட்டைவிரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம்தான் என்று காட்டியது. மூக்குக் குழாயைப் பொருத்தி, கன்னத்தில் இரண்டு பக்கமும் சின்னதாகப் பிளாஸ்டர் ஒட்டி, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் திறந்தார். 81, 86, 90. பிறகு 93இல் வந்து நின்றது. தலை ஆடுவது குறைந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தை அம்மாவின் மார்பைத் தேட ஆரம்பித்தது. ஆக்சிஜன் நிமோனியாவைக் குணப்படுத்தாது, அது ஆன்டிபயாடிக்கின் வேலை. ஆனால் அந்த மருந்து பிடிக்க ஒன்றிரண்டு நாளாகும். அதுவரை குழந்தை உயிரோடு இருக்க வேண்டுமே.

இந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய, பின்கதை கொஞ்சம் வேண்டும். 1991இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2002இல்தான் முடிந்தது. அந்தக் காலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கும் மேற்பட்டவை ஐந்து வயதைத் தாண்டவில்லை. 2010 ஏப்ரல் 27, சுதந்திர தினத்தன்று, அதிபர் எர்னஸ்ட் பாய் கொரோமாவின் அரசு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச சிகிச்சையை அறிவித்தது. கூடவே ஊழியர்களின் சம்பளத்தையும் உயர்த்தியது. அதுவரை காசில்லாமல் வீட்டிலேயே வைத்திருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். நல்ல முடிவு, துணிச்சலான முடிவு. அப்புறம் 2014இல் எபோலா வந்தது. சுமார் 4000 பேர் இறந்தார்கள், அவர்களில் இருநூறுக்கும் அதிகமானோர் மருத்துவப் பணியாளர்கள். கெனிமா நகரில் அந்த நோயோடு போராடிய டாக்டர் ஷேக் உமர் கான் அந்த ஜூலையில் அதற்கே பலியானார். ஆஸ்பத்திரி என்றாலே ஜனங்கள் பயந்து ஒதுங்கிய காலம் அது. அதையும் தாண்டி இந்த நாடு எழுந்து நடந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் மலேரியா தடுப்பூசியும் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் 2019இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி ஆயிரத்துக்கு 122 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. எட்டில் ஒன்று.

இலவசம் என்ற அறிவிப்பு பிள்ளையை வார்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே வந்த பிறகு மூச்சுத் திணறும் பிள்ளைக்கு ஆக்சிஜன் இல்லை என்றால் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? அதுவரை மயக்க மருந்து வரிசையில் மட்டும் இருந்த ஆக்சிஜனை, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கான அத்தியாவசிய மருந்தாக உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான். இவ்வளவு தாமதம் ஏன் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை கரண்ட். இதை விலாவாரியாகச் சொல்லாமல் முடியாது.

சியரா லியோனில் மின்சாரம் என்பது பெரும்பாடு. பும்புனா நீர்மின் நிலையம் 2009இல் ஓடத் தொடங்கியது, திறன் 50 மெகாவாட். மழை நின்று ஆறு வற்றினால் உற்பத்தி சரசரவென்று குறையும். ஃப்ரீடவுன் நகரம் கடலில் நிற்கும் ஒரு துருக்கிய மின்கப்பலை நம்பி இருந்தது. 2023இல் பாக்கி சேர்ந்துபோய் அதுவும் கையை விரித்த நாட்கள் உண்டு. தலைநகரமே இப்படியென்றால் மாவட்டங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பல இடங்களில் ஜெனரேட்டர்தான், அதுவும் ஆபரேஷன் நடக்கும் நேரத்துக்கு மட்டும். கரண்ட் வந்ததும் தெருப் பிள்ளைகள் "லைட் டோன் காம்!" என்று கூவுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நான் வார்டுக்கு ஓடுவேன், ஏனென்றால் வந்த வேகத்தில் வோல்டேஜ் எகிறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 270ஐக் காட்டியிருக்கிறது. எல்லோரும் விளக்குப் போடும் மாலையில் 170க்கு இறங்கும். காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சூடாகும், ஸ்டார்ட் ஆகாமல் திணறும், ஒரு நாள் சர்க்யூட் போர்டு கருகும். ஸ்டெபிலைசர் இல்லாமல் இந்த மெஷினை இங்கே பிளக்கில் சொருகவே கூடாது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் எட்டு யூனிட்டுக்கு மேல். பகலில் கூரை மேல் இருக்கும் சோலார் பேனல் இதைத் தாங்கிவிடும். ராத்திரிதான் பிரச்சினை. சும்மா ஒரு யு.பி.எஸ். வைத்தால் அரை மணியில் கை கழுவிவிடும். விடியும் வரை தாங்கும் பேட்டரி வேண்டும், அந்த பேட்டரியில் வேறு யாரும் டி.வி.யோ போன் சார்ஜரோ சொருகாதபடி தனி லைன் இழுக்க வேண்டும். ஒரு வார்டில் இப்படிச் செய்து முடித்தோம். கருவிக்கு ஆன செலவைவிட இதற்குத்தான் அதிகம் ஆனது. அந்த வார்டிலிருந்து இப்போது எனக்கு ராத்திரி போன் வருவதில்லை.

இந்த வசதி இல்லாத வார்டில் கரண்ட் போனால் என்ன நடக்கும் தெரியுமா? மெஷின் 'கீ' என்று விடாமல் கத்தும். சிஸ்டர் இருட்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சிலிண்டரைத் திறந்து, குழந்தையின் குழாயை அதற்கு மாற்றுவார். சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போகும். ஆகவே நான் போகும் எல்லா வார்டிலும் முதல் வேலையாக ஸ்பேனரைக் கயிறு போட்டு சிலிண்டர் கழுத்தில் கட்டிவிடுவேன். கான்சன்ட்ரேட்டர் எத்தனை இருந்தாலும், பக்கத்தில் ஒரு நிரம்பிய சிலிண்டர் இல்லாமல் குழந்தைகள் வார்டு நடத்தக் கூடாது.

அடுத்தது தூசி. டிசம்பர், ஜனவரியில் சஹாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று வரும். வானமே மங்கிவிடும். மெஷினின் பின்பக்கம் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர் இருக்கிறது. மற்ற மாதங்களில் வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். ஹார்மட்டானில் இரண்டு மூன்று நாளிலேயே கறுப்பு ஸ்பாஞ்சு செங்காவி நிறத்துக்கு மாறிவிடும், விரலால் தட்டினால் புழுதி பறக்கும். அடைத்துக்கொண்டால் மெஷினுக்குக் காற்று போதாது, ஆக்சிஜன் சதவீதம் இறங்கும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக ஓடுகிற மாதிரியே இருக்கும், காற்றும் வரும், அது வரும் அளவைக் காட்டும் பந்தும் மிதக்கும். ஆனால் வருவது வெறும் 60, 70 சதவீதமாக இருக்கலாம். அதனால்தான் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விளக்கும் அலாரமும் இல்லாத மெஷினை நான் எந்த விலைக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அலசிய ஃபில்டரை ஈரத்தோடு மாட்டக் கூடாது. ஈரம் ஜியோலைட்டுக்குப் பகை. நீரைக் குடித்துவிட்டால் நைட்ரஜனைப் பிடிக்காது. ஜூலை, ஆகஸ்ட் அடைமழையில் ஸ்டோர் ரூமில் மாதக்கணக்கில் மூடி வைத்த புது மெஷின்கள் வேலைக்கு எடுக்கும்போதே பாதி செத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று பத்திரப்படுத்துவதுதான் இதைக் கெடுக்கும். ஓட்டிக்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும். ஃபில்டர் இரண்டு இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்றை மாட்டலாம். மிகச் சின்ன விஷயம், ஆனால் ஒரு மெஷினோடும் இரண்டாவது ஃபில்டர் வந்து நான் பார்க்கவில்லை.

நன்கொடையாக வரும் மெஷின்களைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஒரு மருத்துவமனையில் பளபளவென்று வரிசையாக நின்ற கான்சன்ட்ரேட்டர்களைக் காட்டி, "எல்லாம் ரிப்பேர், பாருங்கள்" என்றார்கள். பின்பக்க லேபிளைப் படித்தேன்: 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். யாரோ நல்ல மனதோடு பணம் திரட்டி, கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். கப்பல் ஏறுவதற்கு முன் லேபிளைப் படிக்க ஒரு ஆள் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜை மாற்றலாம், கரண்டில் விநாடிக்கு எத்தனை அலை என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸை அப்படி மாற்ற முடியாது. மோட்டார் மெதுவாகச் சுற்றும், சூடாகும், ஆக்சிஜன் குறையும். உதிரி பாகங்களுக்காக அவற்றைப் பிரித்துப்போட்டதுதான் மிச்சம்.

மெஷினுக்கு வெளியே நடக்கும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் வைத்தால் பிள்ளை செத்துவிடும் என்று பல தாய்மார்கள் நம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆக்சிஜன் அரிதாக இருந்த காலத்தில் கடைசி நிமிடத்தில்தான் வைத்தார்கள், வைத்த குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை, பார்த்தவர்கள் வேறு என்ன முடிவுக்கு வருவார்கள்? ஒரு வார்டு சிஸ்டர் இதற்கு வைத்திருக்கும் வழி எனக்கு மிகவும் பிடிக்கும். மூக்குக் குழாயின் நுனியை ஒரு கப் தண்ணீரில் முக்கிக் காட்டுவார். குமிழி வரும். "பார் அம்மா, வெறும் காற்றுதான், பிகினுக்குப் பலம் கொடுக்கும் காற்று" என்பார். பிகின் என்றால் இங்கே குழந்தை. பிறகு ஆக்ஸிமீட்டரை முதலில் அம்மாவின் விரலில் மாட்டி 98 காட்டுவார், அடுத்துக் குழந்தையின் விரலில். இரண்டு எண்ணையும் பார்த்த பிறகு எந்தத் தாயும் குழாயைப் பிடுங்கியதில்லை. அதே குமிழியை வைத்து அவருக்குக் குழாய் அடைத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அந்த மாதிரி சிஸ்டர்கள்தான் இந்த மெஷினின் முக்கியமான பாகம் என்று நான் நினைக்கிறேன். இந்த நாட்டு வார்டுகளில் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாமல், 'வாலன்டியர்' என்ற பெயரில் வருஷக்கணக்கில் வேலை செய்யும் செவிலியர்கள் நிறைய பேர். ராத்திரி ஷிஃப்டில் ஒருவரே ஒரு வார்டு முழுவதையும் பார்ப்பார். மெஷின் சுவரை ஒட்டி நின்று சூடேறுகிறதா, யாராவது இடுப்பில் சுற்றும் லப்பாத் துணியை ஈரத்தோடு அதன் மேல் காயப் போட்டிருக்கிறார்களா, எந்தக் குழந்தையின் குழாய் சளியால் அடைத்திருக்கிறது என்று பார்ப்பது அவர்தான். அவருக்குச் சம்பளம் கொடுக்காமல் மெஷின் எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது நியாயமில்லை.

5 லிட்டரா, 10 லிட்டரா? பச்சிளங்குழந்தைக்கு நிமிடத்துக்கு அரை முதல் ஒரு லிட்டர், கைக்குழந்தைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் போதும். ஆகவே ஒரு 10 லிட்டர் மெஷினோடு, ஆக்சிஜன் போகும் அளவைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோமீட்டர் உள்ள ஐந்து முனை ஸ்டாண்டை இணைத்தால் ஐந்து குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். காகிதத்தில் இது சிக்கனம். ஆனால் அது நின்றால் ஐந்து பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திணறும். இரண்டு 5 லிட்டர் மெஷின் வைத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளாகப் பிரிப்பதையே நான் விரும்புகிறேன். ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஓடும், தூக்குவதும் எளிது. எதுவானாலும் லேபிளில் போட்ட அளவுக்கு மேல் திறக்கக் கூடாது. காற்று அதிகம் வரும், அதில் ஆக்சிஜன் குறைந்துவிடும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் அவர்களின் விழித்திரை கெடும். 90க்கும் 95க்கும் நடுவில் நிறுத்த வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இல்லாமல் அதைக் கண்ணால் கணிக்க முடியாது. கான்சன்ட்ரேட்டர் வாங்கப் பணம் இருந்து ஆக்ஸிமீட்டருக்கு இல்லை என்றால், ஒரு மெஷினைக் குறைத்து ஆக்ஸிமீட்டர் வாங்குங்கள். பெரியவர்களின் விரலில் மாட்டும் கிளிப் குழந்தைக்கு நிற்காது. பச்சிளங்குழந்தையின் பாதத்தைச் சுற்றிக் கட்டும் சென்சாரும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பெட்டியோடு அனுப்ப வேண்டியவை: ஸ்டெபிலைசர், இரண்டாவது ஃபில்டர், குழந்தை அளவிலும் பச்சிளங்குழந்தை அளவிலும் மூக்குக் குழாய்கள் நிறைய, கம்ப்ரசர் சர்வீஸ் கிட், வருவதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்க வார்டுக்கு ஒரு ஆக்சிஜன் அனலைசர். மருத்துவமனையில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த டெக்னீஷியன் யார் என்று விசாரித்து, அவரிடமே முதலில் பேசுங்கள். எந்த மெஷினின் பாகங்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, எது ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். மெஷினைத் திருப்பி, லேபிளில் 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் அதைக் கப்பலில் ஏற்றாதீர்கள்.